பேஸ்மேக்கர் ஒயர் கெட்டுவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. அடிக்கடி தலைசுற்றி விழுந்ததால் இரண்டு மாதம் முன்பு திருவனந்தபுரத்தில் பேஸ்மேக்கர் வைத்தோம். முதல் செக்கப்பில் ‘எல்லாம் சரி’ என்றார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் வென்ட்ரிக்கிள் லீடின் (இதயத்தின் கீழறைக்குப் போகும் ஒயரின்) இம்பீடன்ஸ் 720 ஓமிலிருந்து 560 ஆகியிருக்கிறது, த்ரெஷோல்ட் 0.6 வோல்ட்டிலிருந்து 1.1 ஆகியிருக்கிறது, ஆர் வேவ் 11 மில்லிவோல்ட்டிலிருந்து 8. ஒயர் கெட்டுவிட்டதா? அப்பா எப்போது வேலைக்குப் போகலாம்?
- வாசகி, குலசேகரம்

பதில்: பயப்படாதீர்கள், இந்த மூன்று எண்ணும் நல்ல எண்கள்தான். ‘எல்லாம் சரி’ என்பதோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு தவித்திருக்க வேண்டாம், அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

முதலில் த்ரெஷோல்ட், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன். இதயத்தைத் துடிக்க வைக்கக் குறைந்தபட்சம் எத்தனை வோல்ட் வேண்டும் என்பதுதான் அது. ஒயரின் நுனி இதயத் தசையில் போய்ப் பதிந்ததும் அந்த இடம் கொஞ்சம் புண்ணாகி வீங்கும், அதனால் முதல் சில வாரம் கூடுதல் வோல்ட் தேவைப்படும், அப்புறம் புண் ஆறித் தழும்பாகிவிட்டால் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கும். இந்த வீக்கத்தைக் குறைக்கத்தான் இப்போது வரும் லீடுகளின் நுனியில் ஸ்டீராய்டு மருந்தே வைத்திருக்கிறார்கள். த்ரெஷோல்ட் 1.1 என்றால் மெஷினை அதற்கு இரண்டு மடங்காவது கொடுக்கும்படி வைப்பது வழக்கம். முதல் மூன்று மாதம் இன்னும் தாராளமாக, 3.5 வோல்ட் வரைகூட வைப்பார்கள். பிறகு குறைப்பது பேட்டரிக்காக: வோல்ட்டை இரண்டு மடங்காக்கினால் ஒவ்வொரு துடிப்புக்கும் செலவாகும் மின்சக்தி நான்கு மடங்காகும்.

ஆர் வேவ் என்பது அப்பாவின் இதயம் தானாகத் துடிக்கும்போது மெஷினுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு. 5 மில்லிவோல்ட்டுக்கு மேலே இருந்தால் போதும், 8 தாராளம்.

இனி இம்பீடன்ஸ். ஒயரும் தசையும் சேர்ந்து மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடை இது, சாதாரணமாக 300 முதல் 1,500 ஓம் வரை இருக்கும். வைத்த புதிதில் கொஞ்சம் இறங்குவதும் வழக்கம்தான். ஒயரின் மேலுறை கிழிந்து மின்சாரம் வெளியே கசிந்தால் இது 200-க்கும் கீழே போய்விடும், உள்கம்பி முறிந்தாலோ மெஷினில் ஒயரைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்தாலோ 2,000-க்கு மேலே ஏறும். ஆனால் ஒரு நாள் எடுத்த அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல மாதமாக 560-ல் நின்ற லீட் திடீரென்று 1,100 காட்டினால், அந்த எண் வரம்புக்குள் இருந்தாலும் டாக்டர் யோசிப்பார். அதனால் ஒவ்வொரு செக்கப்பிலும் பிரிண்ட் கேட்டு வாங்குங்கள். தெர்மல் பேப்பர் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, பேஸ்மேக்கர் அடையாள அட்டையோடு ஒரே ஃபைலில் வையுங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அவசரமாக ஓட வேண்டி வந்தால் அந்த ஃபைல் கையில் இருக்கட்டும், எந்த கம்பெனி மெஷின் என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற கருவியைக் கொண்டுவந்து சோதிக்க முடியும்.

அப்பா மறுபடி தலைசுற்றி விழுந்தாலோ, விடாமல் விக்கல் வந்தாலோ, மெஷின் வைத்த இடம் சிவந்து வீங்கினாலோ, நாடித்துடிப்பு மெஷினில் வைத்த குறைந்த அளவுக்கும் கீழே தொடர்ந்து இருந்தாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

வேலை விஷயம். முதல் நாலு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்பது பொது விதி, அது உங்களுக்குக் கடந்துவிட்டது. ஆனாலும் பால்வெட்டில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரத்தில் கை ஒரே மாதிரி இழுக்கிறது, ஒயரோ பல நேரம் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவேதான் போகிறது, அங்கே வருடக்கணக்கில் நசுங்கினால் மேலுறை கிழியலாம், கம்பி முறியலாம். அதனால் மெஷின் எந்தப் பக்கம், அப்பா எந்தக் கையால் வெட்டுகிறார் என்று டாக்டரிடம் செய்து காட்டியே கேளுங்கள். அவர் சம்மதித்தபின் குறைந்த மரங்களோடு ஆரம்பிக்கட்டும்.