ஆயிரம் ஸ்பிரிங் மெத்தை இடுப்பு வலியைப் போக்குமா?

கேள்வி: எனக்கு வயது 42. ஆறேழு மாதமாகக் காலையில் எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் நடமாடினால் விட்டுவிடுகிறது. மெத்தை வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது, நான் படுக்கும் பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது. மாற்றலாம் என்று கடைக்குப் போனால் போனல், பாக்கெட், ஆயிரம் ஸ்பிரிங், ஆர்த்தோ என்று அடுக்குகிறார்கள். ‘கல்லு மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது’ என்கிறார் என் கணவர். அவர் என்னைவிட முப்பது கிலோ எடை அதிகம். எதை வாங்குவது, டாக்டர்?

மருத்துவர் பதில்: பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கடைசியாக வெளியூரில் தங்கியபோது காலையில் எப்படி எழுந்தீர்கள்? அங்கே வலி இல்லாமல் இருந்து, வீட்டுக்கு வந்ததும் திரும்பியது என்றால் சந்தேகம் மெத்தை மேல்தான். எங்கே படுத்தாலும் ஒரே வலி என்றால் மெத்தையை மாற்றிப் பயனில்லை. இன்னொன்று, மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் போட்டுப் பாருங்கள். பள்ளம் காணாமல் போனால் தொய்ந்திருப்பது கட்டில் பலகை. அதன் மேல் எவ்வளவு நல்ல மெத்தையைப் போட்டாலும் அதுவும் தொய்யும்.

‘நடமாடினால் விட்டுவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்று நான்கு நாள் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் விட்டால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அரை மணிக்கு மேல் விறைப்பு நீடிக்கிறது, பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது என்றால் அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும் நோய் அது, உங்களுக்கும் அந்த வயதுதான். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். கால் பலவீனமாவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி ஸ்பிரிங். கடைகளில் மெத்தையைக் குறுக்கே வெட்டிய மாதிரித் துண்டு வைத்திருப்பார்கள். வெறுமனே பார்த்துவிட்டு வராமல் ஒரு ஸ்பிரிங்கை மட்டும் கட்டைவிரலால் அழுத்துங்கள். போனல் ஸ்பிரிங் உடுக்கை வடிவில் இருக்கும். மேலும் கீழும் அகலம், நடுவில் ஒடுக்கம். ஒன்றோடொன்று சுருள் கம்பியால் கோத்திருப்பார்கள். அதனால் ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் உள்ளவையும் சாய்ந்துகொண்டே இறங்கும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணிப்பை. அழுத்தியது மட்டும் இறங்கும், பக்கத்து வீட்டுக்குச் சேதி போகாது. இதை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த விஞ்ஞானம் போல விற்கிறார்கள். ஜேம்ஸ் மார்ஷல் என்ற கனடாப் பொறியாளர் 1900-ஐ ஒட்டியே இதைச் செய்துவிட்டார்.

உங்கள் வீட்டுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். முப்பது கிலோ கூடுதலாக உள்ளவர் போனல் மெத்தையில் ஒரு பக்கம் படுத்தால், கோத்த கம்பிகள் உங்கள் பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். சரிவில் உருளாமல் இருக்கத் தூக்கத்திலேயே உங்கள் இடுப்புத் தசைகள் இறுகும். அவர் புரண்டால் நீங்கள் விழிப்பீர்கள். ஆகவே இருவர் படுக்கும் மெத்தைக்குப் பாக்கெட் ஸ்பிரிங்தான் என் வாக்கு. அதைவிட நல்லது, ஒரே கட்டிலில் இரண்டு ஒற்றை மெத்தைகளை அடுத்தடுத்துப் போடுவது. அவருக்குச் சற்றுக் கெட்டி, உங்களுக்குச் சற்று மென்மை. நடுவில் கோடு தெரியும் என்பார்கள், தெரியட்டும். தனியாகப் படுப்பவருக்கு நல்ல போனல் மெத்தையே போதும்.

ஆயிரம், இரண்டாயிரம் என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். அது எந்த அளவுக் கட்டிலுக்கான கணக்கு என்று முதலில் கேளுங்கள். பெரிய கட்டிலின் எண்ணைச் சொல்லிச் சிறிய மெத்தையை விற்பதும், குட்டி ஸ்பிரிங் அடுக்கு ஒன்றை மேலே வைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதும் உண்டு. அதைவிடக் கம்பியின் கனத்தைக் கேட்பது பயன்தரும். அதை கேஜ் என்பார்கள், எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 13 கேஜ் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர், 14 கேஜ் 2 மில்லிமீட்டர். இந்த மயிரிழை என்ன செய்துவிடும் என்று தோன்றும். மற்றதெல்லாம் சமமாக இருந்தால் 13 கேஜ் ஸ்பிரிங் சுமார் ஒன்றேமுக்கால் மடங்கு விறைப்பானது.

உங்கள் மெத்தையில் பள்ளம் விழுந்ததற்கு ஸ்பிரிங்கை மட்டும் திட்ட வேண்டாம். பெரும்பாலும் மேலே உள்ள ஃபோம்தான் முதலில் நசுங்கும். புதியதை வாங்கினால் சில மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போடுங்கள். மேலே விரிக்கும் மெல்லிய மெத்தை வாங்கிப் பழைய பள்ளத்தை மூடலாமா என்று கேட்பீர்கள். அதுவும் அதே பள்ளத்தில்தான் இறங்கும்.

கணவர் சொல்லும் கல்லுக்கு வருகிறேன். கெட்டியான படுக்கைதான் முதுகுக்கு நல்லது என்று நாங்கள் மருத்துவர்களே பல காலம் சொல்லிக்கொண்டிருந்தோம், அவரைக் குறை சொல்ல முடியாது. 2003-ல் லான்செட் இதழில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கோவாக்ஸ் குழுவினரின் ஆய்வு வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி. 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. ‘ஆர்த்தோ’ என்ற முத்திரைக்கு மருத்துவத்தில் வரையறை எதுவும் கிடையாது. அந்த எழுத்தை நம்பி நானே ஒரு பலகையை வாங்கிப் போட்டு, மூன்றாம் வாரமே தோள் வலியோடு அலைந்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்கும் ஆள் நான். தோளும் இடுப்பெலும்பும் கொஞ்சமாவது அமிழ வேண்டும், அதில் அமிழவில்லை.

கடையில் உட்கார்ந்து குதித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. இருவரும் சேர்ந்தே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுக்கும் விதத்திலேயே கால் மணி நேரம் படுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மல்லாந்து படுத்து, இடுப்பின் வளைவுக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாக ஓடி வெளியே வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. திணித்தால்தான் நுழைகிறது என்றால் நீங்கள் அமிழ்ந்துவிட்டீர்கள். லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. பிறகு ஒருக்களித்துப் படுங்கள், கணவர் பின்னால் நின்று பார்க்கட்டும். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகுத்தண்டு ஒரே கோடாக இருக்க வேண்டும், தொட்டில் போல நடுவில் தொங்கக் கூடாது. பிறகு இடம் மாறி அவருக்கும் இதையே பாருங்கள். உங்களுக்குச் சரியாக இருப்பதில் அவர் அமிழ்ந்தால் ஆச்சரியமில்லை, எடை அப்படி.

புது மெத்தையில் முதல் சில நாள் உடம்பு முரண்டு பிடிக்கும். பழக இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆகவே திருப்பிக் கொடுக்க ஒரு மாதமாவது அவகாசம் உண்டா, உறையைப் பிரித்த பிறகும் எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.