மகளிரியலும் பாலின ஆய்வும் ஒன்றா?

கேள்வி: மகளிரியல் துறைகள் பலவும் பாலின ஆய்வுத் துறைகளாகிவிட்டன. மாறியது பெயர் மட்டும்தானா? களஆய்வில் மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

பதில்: கேள்வியே மாறியது. 1970-இல் அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலக் கல்லூரியில் மகளிரியல் தொடங்கியபோது, பாடங்களில் விடுபட்ட பெண்களைச் சேர்ப்பதே முதல் வேலை. 1986-இல் வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட், பாலினத்தை, அதாவது ஆண்-பெண் என்று சமூகம் வகுக்கும் வேறுபாட்டை, அதிகார உறவாகப் பார்க்கச் சொன்னார். ஆண்மையும் ஆய்வுப் பொருளானது.

களத்தில் சறுக்குவது வினாத்தாளில். பெண்களிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்றால் "இல்ல, வீட்லதான் இருக்கேன்" என்பார்கள், வீட்டு உழைப்பு முழுக்கக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அட்டவணை மட்டும் அழகாக இருக்கும், அதுதான் வம்பு! எழுந்தது முதல் என்னென்ன செய்தார்கள் என்று அரைமணிக்கு ஒரு கட்டமாகக் கேளுங்கள். சமைத்துக்கொண்டே குழந்தையைப் பார்த்ததற்குத் தனிக் கட்டம். கணவர் அருகில் இருந்தால் மனம்விட்டுப் பேசமாட்டார்கள், இன்னொரு நாள் போங்கள்.