முதல் ஓபராவுக்குப் பெர்கொலேசி நல்லது

வணக்கம். இசையமைப்பாளர் வெர்டியின் மூன்று மணி நேர ஓபராவை (பாடியே நடிக்கும் இசை நாடகம்) சுருக்கி, இங்கிலாந்தில் கிராமத்து ஹால்களுக்குக் கொண்டுபோனால் ஆள் வருமா என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கவே வேண்டாம். இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசியின் 'லா செர்வா பத்ரோனா' என்ற குட்டி ஓபராவை எடுங்கள். 1733இல் நேப்பிள்சில், ஒரு பெரிய ஓபராவின் இடைவேளைகளில் ஆடுவதற்காகவே எழுதப்பட்டது. பாடுபவர் இருவர், பேசாத பாத்திரம் ஒன்று, முக்கால் மணி நேரம். வயலின் வகைக் கருவிகளும், பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவியான ஹார்ப்சிகார்டும் போதும். இடமில்லையென்றால் பியானோ மட்டும். வேலைக்காரி முதலாளியை மடக்கிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கும் கதை, யாருக்கும் உடனே பிடிபடும். ஆங்கிலத்திலேயே பாடுங்கள், தயங்காதீர்கள். பத்தடி தூரத்தில் மைக் இல்லாமல் ஒரு பாஸ் குரல், அதாவது ஆணின் கனத்த அடிக்குரல், எழும்பினால் நெஞ்சே அதிரும். பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு அது கிடைக்காது. அப்புறம், டிக்கெட் விற்பதை அந்த ஊர்த் தன்னார்வலர்களிடமே விடுங்கள். அவர்கள் கூப்பிட்டால்தான் அக்கம்பக்கத்தார் வருவார்கள். போஸ்டரை மட்டும் இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.