அந்தக் கடைக்குப் போகலாமா, கூடாதா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். வருஷா வருஷம் கொலுவுக்குப் பூ, ரிப்பன், படி அலங்காரம் எல்லாம் ஹாபி லாபி என்கிற கைவினைப் பொருள் கடையில்தான் வாங்குவேன். கல்லூரி போகும் என் மகள், "அந்த முதலாளிகள் தங்கள் மதத்தைக் காரணம் காட்டி, வேலை செய்கிற பெண்களுக்குக் கருத்தடைக்கான இன்ஷூரன்ஸைத் தர மாட்டேன் என்றவர்கள், நீ இனி அங்கே போகக் கூடாது" என்கிறாள். கணவரோ, "அவன் கடை, அவன் பணம், பிடிக்காதவள் வேறு வேலை பார்க்கட்டுமே" என்கிறார். நான் ஒருத்தி போகாமல் இருந்தால் ஏதாவது மாறுமா? யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: உங்கள் கணவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன், அவர் சொல்வதில்தான் தப்பு சட்டென்று கண்ணில் படுகிறது. அமெரிக்காவில் கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு முதலாளி போடும் தர்மம் இல்லை, அது சம்பளத்தின் ஒரு பகுதி. ஹாபி லாபியில் பார்த்திருப்பீர்களே, பல வருஷமாக பார்கோடு கிடையாது, ஒவ்வொரு பொருளிலும் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பார்த்து அந்தப் பெண் கையால் தட்டுவாள். அப்படி நாள் முழுக்க நின்று தட்டியதற்கான கூலியில்தான் அந்தக் காப்பீடும் அடங்கியிருக்கிறது. உன் சம்பளத்தில் நீ இன்னது வாங்கக் கூடாது என்று உங்கள் வீட்டுக்காரரின் மேனேஜர் சொன்னால் அவர் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா?

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். அவளும் பாதியைத்தான் தெரிந்துவைத்திருக்கிறாள். ஹாபி லாபி கருத்தடையே கூடாது என்று சொல்லவில்லை. 2010-இல் ஒபாமா காலத்தில் வந்த காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், அந்த நாட்டு உணவு மருந்துத் துறை அனுமதித்த 20 வகைக் கருத்தடை முறைகளையும் ஊழியரிடம் தனியாகக் காசு வாங்காமல் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. அதில் 16-ஐப் பற்றி அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. தகராறு மீதி 4-இல்: இரண்டு அவசர கருத்தடை மாத்திரைகள், கருப்பைக்குள் வைக்கும் சாதனம் இரண்டு வகை, அதாவது நம் ஊரில் காப்பர்-டி என்கிறோமே அது ஒன்று, ஹார்மோன் உள்ளது இன்னொன்று. கருவுற்ற முட்டை கருப்பையில் ஒட்டாமல் இவை தடுக்கலாம், எங்கள் விசுவாசப்படி அது ஓர் உயிரை அழிப்பது என்று வழக்குப் போட்டது கடையை நடத்தும் ஓக்லஹோமா சிட்டி கிரீன் குடும்பம். (அந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றான பிளான் பி அப்படிச் செய்வதில்லை என்று 2022 டிசம்பரில் அந்தத் துறை மருந்தின் விவரக் குறிப்பையே திருத்திவிட்டது. ஆனால் வழக்கு முடிந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.)

வெறும் நாலுதானே என்று உங்கள் கணவர் இந்த இடத்தில் குறுக்கே வருவார், விடாதீர்கள். அந்த நாலில் இருக்கும் கருப்பைச் சாதனம்தான் இருப்பதிலேயே நம்பகமான முறைகளில் ஒன்று, ஒருதடவை வைத்தால் பல வருஷம் கவலையில்லை, ஆனால் முதலிலேயே மொத்தமாகப் பணம் கட்ட வேண்டும். குறைந்தபட்சக் கூலி வாங்கும் ஒருத்திக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாச முழுச் சம்பளம் என்று அந்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஹாபி லாபி முழுநேர ஊழியருக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தை விட நிறையவே கொடுக்கிற கடை, 2022-இல் மணிக்கு 18.50 டாலர் ஆக்கினார்கள். ஆனால் ஹாபி லாபி ஜெயித்த அந்தத் தீர்ப்பு அவர்கள் கடையோடு நிற்கவில்லை என்பதுதான் பிரச்சினையே. 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், சில பேர் கைக்குள் அடங்கிய எந்த வியாபார நிறுவனமும் 1993-ஆம் வருஷத்து மத சுதந்திரச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கலாம் என்றது, அதே நாளில் பென்சில்வேனியாவில் மர அலமாரிப் பாகங்கள் செய்யும் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கம்பெனியும் ஜெயித்தது. கம்பெனிக்கு எப்படி பக்தி வரும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்த பக்தியும் சௌகரியத்துக்கு வளைகிற பக்திதான். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2014 ஏப்ரலில், மதர் ஜோன்ஸ் பத்திரிகை ஒன்றைக் கண்டுபிடித்து எழுதியது: அதே கம்பெனி ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பில் பணம் போட்டுவந்த மியூச்சுவல் ஃபண்டுகளில், அவசர கருத்தடை மாத்திரையும் கருப்பைச் சாதனமும் தயாரிக்கும் மருந்து கம்பெனிகளின் பங்குகள் இருந்தன. உங்கள் மகளுக்கு இன்னொரு காரணமும் வேண்டுமென்றால், ஈராக்கிலிருந்து கடத்தப்பட்ட பழங்காலக் களிமண் பலகைகளை வாங்கிய விவகாரத்தில் 2017-இல் அரசுக்கு 30 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கொண்டதும் இந்த ஹாபி லாபிதான்.

இனி நீங்கள் கேட்ட நிஜக் கேள்வி, போகாமல் இருந்தால் மாறுமா. இத்தனை சொன்ன பிறகும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 2014-இலேயே புறக்கணிப்புக் குரல் பலமாகக் கிளம்பியது, அப்போது ஐநூற்றுச் சொச்சமாக இருந்த கடைகள் அதற்கப்புறம் கூடிக்கொண்டேதான் போயின. அது குடும்பச் சொத்து, பங்குச் சந்தையில் இல்லை, அதனால் பங்கு விலை சரிந்து முதலாளி பதறும் வழியும் அடைபட்டிருக்கிறது. அதோடு மதம் சம்பந்தப்பட்ட புறக்கணிப்பில் எதிர்த்தரப்பு வரிந்துகட்டிக்கொண்டு வரும்: ஓரினத் திருமணம் பற்றி அதன் தலைவர் பேசியதற்காகச் சிக்-ஃபில்-ஏ சிக்கன் கடையைப் புறக்கணிக்கச் சொன்னபோது, 2012 ஆகஸ்ட் 1 அன்று ஆதரவாளர்கள் தெருவை அடைத்து வரிசையில் நின்று வியாபாரத்தை ஏற்றிவிட்டார்கள். கலிபோர்னியா டெலானோ திராட்சைப் புறக்கணிப்பு ஜெயித்ததே என்று மகள் கேட்கலாம். அங்கே 1965-இல் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்களே வந்து "எங்களுக்காக வாங்காதீர்கள்" என்றார்கள், கேட்டது சங்கத்தோடு ஒப்பந்தம், கிடைத்ததும் நிறுத்தினார்கள், அதற்கே ஐந்து வருஷம் ஆனது. ஹாபி லாபி விஷயத்தில் கோபம் பெரும்பாலும் கடைக்கு வெளியிலிருந்து வந்தது. எதைச் செய்தால் திரும்பி வருவோம் என்று யாரும் தெளிவாகச் சொல்லவும் இல்லை.

பூட்டு இருப்பதே வேறு இடத்தில். தீர்ப்பு வந்த இரண்டாவது வாரத்தில் அதை மாற்ற ஒரு மசோதா செனட்டுக்கு வந்தது, 60 ஓட்டு வேண்டிய இடத்தில் 56 விழுந்து அங்கேயே நின்றது. முதலாளி விலகிக்கொள்ளட்டும், காப்பீட்டை நிர்வகிக்கும் கம்பெனி வழியாகப் பெண்ணுக்கு அது கிடைக்கட்டும் என்று 2015-இல் ஒபாமா அரசு ஓர் ஏற்பாடு செய்தது, டிரம்ப் அரசு 2017-இல் அதைக் கட்டாயம் இல்லை என்று தளர்த்தியது, 2020-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதற்கும் வழிவிட்டது. இது எல்லாமே ஓட்டாலும் விதியாலும் நடந்தது, ரிப்பன் வியாபாரத்தால் இல்லை.

அதனால் நான் சொல்வது, போகாதீர்கள், ஆனால் மகளுக்குப் பயந்து இல்லை, இப்படிப்பட்ட வழக்குச் செலவுக்கு உங்கள் காசு போக வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால். இதே மாதிரிப் பொருள் விற்ற ஜோயன் கடைகளும் 2025-இல் மூடிவிட்டதால் பக்கத்தில் மைக்கேல்ஸை விட்டால் பெரிதாக வழியில்லை, கொஞ்சம் அலைச்சல்தான். (அந்த 40 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனை ஹாபி லாபியே 2021-இல் நிறுத்திவிட்டதால் மனசு அவ்வளவு அடித்துக்கொள்ளாது.) கொலுவுக்கு வருகிற மாமிகளிடம் வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது பிரசங்கம் வேண்டாம், யாராவது பூ எங்கே வாங்கினது என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், போதும். நடுவில் ஏதாவது அவசரத்துக்குப் போக நேர்ந்தால் கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் கோபத்தைக் காட்டாதீர்கள், பறிபோனது அவளுடைய உரிமைதான்.

உங்கள் மகளிடம் நான் கேட்க விரும்புவது வேறு. அவள் படிக்கும் கல்லூரி மதச் சார்புள்ளதா? அப்படிப்பட்ட கல்லூரிகளின் மாணவர் காப்பீட்டுக்கும் இதே விலக்கு தரப்பட்டிருந்தது, அவள் தன் பாலிசியில் கருத்தடைக்கு என்ன இருக்கிறது என்று என்றைக்காவது எடுத்துப் பார்த்தாளா? அப்புறம் இந்த நவம்பரில் ஓட்டுப் போடுவாளா? சத்தமில்லாமல் கடை மாற்றினால் கிரீன் குடும்பத்துக்கு நீங்கள் வராததே தெரியாது, ஆகையால் இன்ன காரணத்துக்காக வாங்குவதை நிறுத்துகிறேன், அந்த நாலையும் சேர்த்தால் வருகிறேன் என்று கம்பெனிக்கு ஒரு கடிதமும், உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கு ஒன்றும் போக வேண்டும். இரண்டையும் அவளையே எழுதச் சொல்லுங்கள், ஆரம்பித்தது அவள்தானே.