மனிதருக்கும் சுங்கவரியா?

கேள்வி: எச்-1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்கிறார்களே, அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் என் மகளுக்கும் அது உண்டா? – வேளச்சேரி வாசகி

பதில்: 2025 செப்டம்பர் 21 முதல், அந்நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காக நிறுவனம் போடும் புது மனுவுக்கென்று வந்த கட்டணம் அது. மகள் அங்கேயே இருந்தபடி எஃப்-1 மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறினால் இல்லை. ஆனால் மாற்றம் அனுமதியாகும் முன்பே விடுமுறைக்கென்று மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினால் கட்டணம் தலைமேல் விழும். சறுக்குவது இங்கேதான். எச்-1பி விசாக்களின் ஆண்டு ஒதுக்கீடு 65,000. அங்கே முதுகலை முடித்தவர்களுக்குத் தனியே 20,000.

அமெரிக்கர் வேலையைக் காக்கத்தான் இந்தக் கட்டணம் என்பது அரைகுறை வாதம். ஆம்பூர் செருப்புக்குத் துறைமுகத்தில் வரி போடலாம். சென்னைத் தரமணியில் உட்கார்ந்து எழுதும் மென்பொருளை எந்தத் துறைமுகத்தில் மடக்குவார்கள்? ஆளைத் தடுத்தால், அந்த வேலையில் ஒரு பங்கு, மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த நம் ஓ.எம்.ஆர். சாலைக்கே வரும்.