செர்ட்ராலினுடன் மூலிகை மாத்திரை சேர்க்கலாமா?

செர்ட்ராலின் சாப்பிட்டும் மனச்சோர்வு முழுதாக விலகவில்லை, கூடவே செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டுமே செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கூட்டுபவை. அது அளவு மீறினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மூலிகைதானே என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. லேசான மனச்சோர்வுக்கு அது பலன் தருவதாக ஆய்வுகள் உண்டுதான். ஆனால் வேலை செய்யும் பொருள் மற்ற மருந்துகளோடு மோதவும் செய்யும். கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டுக் கருத்தடை மாத்திரை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றின் வலுவையும் குறைத்துவிடும். அதற்காகச் செர்ட்ராலினைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். எத்தனை வாரமாக எடுக்கிறீர்கள்? 6 வாரம் தாண்டியும் மாற்றமில்லை என்றால், அளவை மாற்றலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே போங்கள்.