எப்போதாவது எட்டிப்பார்க்கும் 502: பைத்தான் சர்வர் கேள்வி பதில்

கேள்வி: ஃபிளாஸ்க் செயலி, அதை ஓட்டும் சர்வர் குனிகார்ன் (பல இழைகளில் வேலை செய்யும் ஜிதிரெட் வகை வொர்க்கர்), முன்னால் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர். நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை 502 (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்னும் பிழை) வருகிறது. ரெஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது. குனிகார்ன் லாகில் ஒரு வரிகூட இல்லை.

பதில்: லாகில் ஒன்றும் இல்லாததுதான் பெரிய துப்பு. அந்தக் கோரிக்கை உங்கள் பைத்தான் வரை வரவே இல்லை. சும்மா இருக்கும் இணைப்பை குனிகார்ன் 2 நொடியில் மூடிவிடும். நீங்கள் மாற்றாதவரை அதுதான் அளவு. அமேசானின் லோட் பேலன்சர் அதே இணைப்பை 60 நொடி வைத்திருந்து மறுபடி பயன்படுத்தப் பார்க்கும். நீங்கள் மூடுகிற கணத்தில் அங்கிருந்து புதுக் கோரிக்கை கிளம்பினால் 502. இரண்டும் மோதும்போது மட்டும் வருவதால் பிடிபடுவதில்லை. கீப்அலைவை, அதாவது சும்மா இருக்கும் இணைப்பை குனிகார்ன் திறந்து வைத்திருக்கும் நேரத்தை, 75 நொடி ஆக்குங்கள். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைவிடக் கூடுதல் நேரம் இணைப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கவனிக்கும் சிங்க் வொர்க்கரில் கீப்அலைவே கிடையாது. அங்கே இந்த எண்ணை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: கீப்அலைவ் 75 போட்டும் எங்களுக்கு 502 நிற்கவில்லை. சிங்க் வொர்க்கர். லாகில் 'வொர்க்கர் டைம்அவுட்' என்று இருக்கிறது.

பதில்: உங்களுடையது வேறு நோய். வொர்க்கர் 30 நொடியாக உயிரோடிருப்பதைக் காட்டவில்லை, வொர்க்கர்களை மேற்பார்க்கும் மாஸ்டர் கொன்றுவிட்டது. அதையொட்டி டிரேஸ்பேக் (நிரல் எந்த வரிகள் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்) இருந்தால் அதன் கடைசி வரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெளித் தளங்களை அழைக்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் அழைப்பில் நின்றால் காரணம் அகப்பட்டது: அது தானாக எந்தக் காலவரம்பும் வைக்காது. அந்த அழைப்பில் டைம்அவுட்=(3, 10) கொடுங்கள். இணைக்க 3 நொடி, பதிலுக்குக் காத்திருக்க 10. குனிகார்ன் டைம்அவுட்டை மட்டும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: 502 வருகிறது, என்ன செய்வது?

பதில்: எந்த லாகில், என்ன வரி?

கேள்வி: காலையில் முதல் ஆள் நுழையும்போது மட்டும் 500 (செயலிக்குள்ளேயே பிழை). தரவுத்தளம் மைஎஸ்கியூஎல், அதோடு பேசும் நூலகம் எஸ்கியூஎல்அல்கெமி.

பதில்: சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் 28800 நொடியில், அதாவது 8 மணி நேரத்தில், துண்டித்துவிடும். எஸ்கியூஎல்அல்கெமி திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பில், அதாவது பூலில், செத்த இணைப்பு கிடக்கிறது. ப்ரீ பிங்கை (பயன்படுத்தும் முன் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) இயக்குங்கள், ரீசைக்கிளை (இணைப்பைப் புதுப்பிக்கும் வயது) 3600 நொடி ஆக்குங்கள்.

கேள்வி: குனிகார்ன் டைம்அவுட்டை ஏற்றாதீர்கள் என்கிறீர்கள். நாங்கள் 300 ஆக்கினோம், 502 அன்றே போய்விட்டது.

பதில்: குனிகார்னுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் சர்வர் இருந்தால் அதன் லாகைத் திறந்து 504 (காத்திருந்தும் பதில் வரவில்லை என்னும் பிழை) தேடுங்கள். நீங்கள் மாற்றாதவரை என்ஜின்எக்ஸ் 60 நொடிதான் காத்திருக்கும். அதற்குப் பிறகு கேட்டவர் போய்விடுவார். உங்கள் வொர்க்கரோ யாருக்கும் போகாத பதிலை இன்னும் 4 நிமிடம் சமைத்துக்கொண்டிருக்கும். சிங்க் வொர்க்கர் நான்கு என்றால், தொங்கும் கோரிக்கைகள் நான்கே போதும், தளம் மொத்தமும் நின்றுவிடும்.

அவரே: 504 இருக்கிறதுதான். ஆனால் எங்கள் அறிக்கை தயாராக உண்மையிலேயே 2 நிமிடம் ஆகும்.

பதில்: அப்படியானால் அது பின்னணி வேலை. பின்னணி வேலைகளைச் செய்யும் செலரியின் வரிசையில் போட்டுவிட்டு, உடனே 202-உடன் (ஏற்றுக்கொண்டோம், இன்னும் முடியவில்லை என்று பொருள்) ஒரு வேலை எண்ணைக் கொடுங்கள். முடிந்ததா என்று பிரௌசர் வந்து கேட்கட்டும்.

இன்னொருவர்: ஜிதிரெட்டுக்கு மாறினால் போதாதா? எனக்கு டைம்அவுட்டே வருவதில்லை.

பதில்: வராது, அதுதான் ஆபத்து. ஜிதிரெட்டில் அந்த 30 நொடி ஒரு கோரிக்கைக்கான வரம்பு அல்ல. வொர்க்கரின் முதன்மை இழை துடிக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். வேலை செய்யும் இழைகள் ஒவ்வொன்றாகத் தொங்கினாலும் லாக் அமைதியாகவே இருக்கும். வெளி அழைப்புகள் ஒவ்வொன்றிலும் காலவரம்பு வைக்காமல் வொர்க்கர் வகையை மாற்றுவது மருந்தாகாது.

கேள்வி: கூட்ட நேரத்தில் மட்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இணைப்பு மறுக்கிறது. 8 வொர்க்கர், எஸ்கியூஎல்அல்கெமி.

பதில்: நீங்கள் மாற்றாதவரை ஒரு வொர்க்கருக்குப் பூல் 5, அது போதாதபோது கூடுதலாகத் திறக்கும் ஓவர்ஃப்ளோ 10. 8 × 15 = 120. போஸ்ட்கிரெஸ், நீங்கள் மாற்றாதவரை, 100 இணைப்புதான் தாங்கும். ஓவர்ஃப்ளோவை 2 ஆக்குங்கள், 56-இல் நிற்கும்.

கேள்வி: வொர்க்கர் சிக்னல் 9 (உடனே கொல்லும் கட்டளை) வாங்கிச் சாகிறது. டைம்அவுட்டை ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை ஓட்டி 'அவுட் ஆஃப் மெமரி' (நினைவகம் தீர்ந்தது) தேடுங்கள். இருந்தால் கெர்னல் கொன்றிருக்கிறது. வொர்க்கர் எண்ணிக்கையைக் குறையுங்கள்; மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ் (இத்தனை கோரிக்கைக்குப் பிறகு வொர்க்கரை மறுதொடக்கம் செய்) 1000, ஜிட்டர் (அந்த எண்ணிக்கையை வொர்க்கருக்கு வொர்க்கர் சற்று மாற்றும் அளவு) 100 வைத்துவிட்டு, நினைவகம் எங்கே கசிகிறது என்று தேடுங்கள். ஜிட்டர் இல்லாவிட்டால் வொர்க்கர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மறுதொடக்கம் ஆகும்.

கேள்வி: எனக்கும் 502, லாகில் எதுவும் இல்லை.

பதில்: முதல் பதில்.